மும்தாஜ் அக்கா வீட்டுப் போன்

எண்பதுகளின் கடைசியில், பழவேற்காட்டில் ஏரி நீரை ஆராயும் குழுவில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. வரைபடம் போட உதவும் நிரல்கள் பிளாப்பியில் மூல நிரலாகவே வந்திருந்தன. அவற்றைக் கம்பைல் செய்து, அதாவது எந்திர மொழிக்கு மாற்றினால்தான் எங்கள் கம்ப்யூட்டரில் ஓடும். மறுநாள் அதிகாரிகள் வருகிறார்கள். வரைபடம் இல்லையென்றால் என் வேலையும் இல்லை.

எத்தனை முறை முயன்றாலும் ஒரே பிழைதான். இரண்டு நிரல்களுக்கு ஒரே பெயராம். தேடிப் பார்த்தேன், அப்படி எதுவும் இல்லை.

அவற்றை எழுதியவர் சென்னையில் இருந்தார். நிரல் தாள்களோடு பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவிடம் போய், மறுநாள் அதிகாரிகள் வருவதைச் சொல்லிப் போன் கேட்டேன்.

"இன்னாத்துக்குத் தயங்குறே? பேசும்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எழுதியவர் ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். "உங்க கம்பைலர் முதல் எட்டு எழுத்தைத்தான் பார்க்குதும்மா. அதுவரைக்கும் ஒண்ணா இருந்தா ஒரே பேருன்னு நினைச்சுக்கும். பேரையெல்லாம் எட்டு எழுத்துக்குள்ள வேற வேறயா சுருக்கிடுங்க" என்றார்.

போனை வைத்ததும் அக்காவின் மாமியார் மெல்லச் சொன்னார்: "வாரம் ஒருக்கா இந்நேரம்தான் என் புள்ள துபாய்லேர்ந்து பேசுவான். இன்னிக்கு லைன் கெடச்சிருக்காது."

பதறிப்போனேன். "சொல்லியிருக்கலாமேக்கா!"

"அவரு அடுத்த வாரம் பேசுவாரு. உன் ஆபீசருங்க நாளைக்கே வர்றாங்கன்னியே. போ, வேலையப் பாரு."

பெயர்களைச் சுருக்கினேன், பிழையில்லாமல் கம்பைல் ஆனது. மறுநாள் ஏரியின் உப்பளவு திரையில் கோடாக ஏறி இறங்கியதைப் பார்த்து அதிகாரிகள் என்னைப் பாராட்டினார்கள். வேலையும் நிலைத்தது.

அந்தப் பாராட்டைக் கேட்டு நின்றபோது, கணவரின் குரலைக் கேட்காமலே இன்னொரு வாரத்தைக் கழிக்கப்போகும் அக்காவைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர்மீதான நன்றி இன்றும் என் மனதில் அப்படியே இருக்கிறது.