முடியாத பாட்டும் அரியதரமும்

நான் சின்னவளாக இருந்த காலத்தில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி கொடுப்போம். அது ஆறுவதற்குள் அக்காவின் சாமத்திய வீட்டு வீடியோவையும் போட்டுவிடுவோம். எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தொடர்மாடியில் பெண்பிள்ளை பெரியவளான வீடுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். தண்ணீர் வருகிறதா என்று கேட்க மேல்மாடிக்குப் போனவர்கூட, அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆராத்தி எடுத்து முடித்ததைப் பார்த்த பிறகுதான் கீழே இறங்க முடியும். கதைக்க ஒன்றும் இல்லாத விருந்தாளிக்கும், கதை நிறுத்தத் தெரியாத விருந்தாளிக்கும் அது ஒன்றே மருந்து. எங்கள் வீட்டில் ரிமோட் என் கையில் இருந்தது. எனக்கு ஒன்பது வயது. அந்தப் பதவியை நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மற்ற வீட்டு வீடியோக்களில் நாதஸ்வரம் கேட்கும், இல்லாவிட்டால் சினிமாப் பாட்டுக் கேட்கும். எங்களுடையதில் மாமாவின் பாட்டுக் கேட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வங்கியில் வேலை. கலியாணம் ஆகும்வரை என்று சொல்லி எங்களோடு வந்து தங்கியவர், வருஷங்கள் போயும் அங்கேயே இருந்தார். ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் புறக்கோட்டை நடைபாதையில் ஒரு பழைய ஆங்கிலக் கசெற் வாங்கிக்கொண்டு வந்தார். கடலின் நடுவே ஒரு கதவு தனியாக நிற்பது போல அட்டையில் படம். அந்தப் படத்துக்காகத்தான் வாங்கினாராம். போட்டுக் கேட்டால் பாட்டு முடியவில்லை. முதலில் புல்லாங்குழல் வந்தது, பிறகு தேவாலயத்து ஓர்கன் வந்தது, பிறகு மேளக்காரனுக்கும் கிற்றார்க்காரனுக்கும் சண்டை. நடுவில் ஒருவர் வந்து மன்னிப்புக் கேட்பது போல நாலு வரி பாடிவிட்டுப் போனார். பிறகு திரும்பவும் புல்லாங்குழல். கசெற்றின் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே பாட்டுத்தான்.

நாலைந்து பாட்டுகளை யாரோ ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து பழுதாக்கிவிட்டார்கள் என்று நினைத்து, மாமா அடுத்த நாளே அதைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கடைக்காரர் கொஞ்ச நேரம் போட்டுக் கேட்டுவிட்டு, “ஏக்க எஹெம தமய், மஹத்தயா” என்றாராம். அது அப்படித்தான் ஐயா என்று அர்த்தம். இதைவிட நல்ல விளக்கத்தை அந்த இசைக்கு யாரும் கொடுத்து நான் பிறகு கேட்டதில்லை. வேறு வழியில்லாமல் மாமா கேட்டார். திரும்பக் கேட்டார். பத்துத் தரம் கேட்டபோது பிடித்துக்கொண்டது என்று அவர் சொல்லுவார். அந்த ‘பிடித்துக்கொண்டது’ என்ற சொல்லை அம்மா பேய் சம்பந்தமாகத்தான் எடுத்துக்கொண்டார். அதற்குப் பெயர் புரோகிரசிவ் ரொக் என்று மாமா எங்களுக்குப் படிப்பித்தார். அம்மா அதற்கு ‘முடியாத பாட்டு’ என்று பெயர் வைத்தார். வீட்டில் அம்மா வைத்த பெயர்தான் நிலைத்தது.

அது எப்படி அக்காவின் வீடியோவுக்குள் போனது என்றால், சாமத்திய வீட்டன்று வீடியோக்காரரின் மைக் வயர் கழன்றிருந்தது. படம் பளிச்சென்று வந்திருந்தது, சத்தம் மட்டும் ஒரே இரைச்சல். அம்மா மாமாவைக் கூப்பிட்டு, “வீடியோக் கடைக்குப் போய், நல்ல பாட்டாப் பாத்துப் போடுவிச்சுக்கொண்டு வா” என்றார். மாமா தன் அக்காவின் சொல் தட்டாதவர். தனக்குத் தெரிந்ததில் மிக நல்ல பாட்டைப் போடுவித்துக்கொண்டு வந்தார்.

முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று, சேலையும் நகையும் பாரமாக அக்கா மணவறைப் பக்கம் மெல்ல நடந்து வந்தாள். அப்போது குசினித் தட்டில் இருந்த பானை சட்டியெல்லாம் உருண்டு விழுந்தது போல ஒரு மேளம் வந்தது. அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அம்மா மாமாவை ஏசிய ஏச்சு காலி வீதிவரை கேட்டிருக்கும். ஆனால் அதற்குள் கடையிலிருந்தே கனடாவுக்கும் லண்டனுக்கும் பிரதிகள் போய்விட்டன. லண்டன் பெரியம்மா தொலைபேசி எடுத்து, பிள்ளைக்கு எந்த ஊர் மேளம் பிடித்தீர்கள் என்று விசாரித்தார்.

இனி என்ன செய்வது? வந்தவர்களுக்குக் காட்டாமல் இருக்க முடியாது, காட்டினால் பாட்டும் வரும். அப்படிக் கேட்டுக் கேட்டு வீட்டில் சில விபரீதங்கள் நடந்தன. அப்பாவுக்கு மிருதங்கம் கொஞ்சம் தெரியும். ஒருநாள் கதிரையில் இருந்து தொடையில் தட்டிப் பார்த்தவர், “இது மிஸ்ரசாபு எல்லோ!” என்று எழும்பிவிட்டார். ஏழு தட்டுத் தாளம் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அந்த வெள்ளைக்காரர்களை அப்பா நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் என்று மதிக்கத் தொடங்கினார். அம்மாவோ தேங்காய் துருவும்போது அந்தப் புல்லாங்குழல் இடத்தை முணுமுணுத்தார். கேட்டால், “நான் ஒண்டும் பாடேல்லையே” என்பார்.

அந்த வீடியோவில் ஒரு இடம் உண்டு. பெண்கள் வரிசையாகப் பலகாரத் தட்டுகளோடு வருவார்கள். கடைசியாக வரும் அரியதரத் தட்டை வீடியோக்காரர் ஆசையோடு கிட்டப்போய் எடுத்திருப்பார். அதிலிருந்து கமரா அப்படியே மண்டபத்தின் மூலைக்குத் திரும்பும். அங்கே மாமா நிற்பார். வேட்டி மடிப்புக்குள் வோக்மன், சால்வைக்குப் பின்னால் வயர், கண் மூடி இருக்கும். உண்மையில் மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், மாமா தன் முடியாத பாட்டைக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டுகிறார். கடையில் பாட்டைச் சேர்த்தபோது, தன் தலை ஆடும் இடத்தில் அது சரியாக விழ வேண்டும் என்று பக்கத்தில் இருந்து பார்த்துச் செய்வித்திருந்தார். அதனால் அந்த முழு வீடியோவிலும் தாளம் பிசகாமல் இருக்கும் ஒரே ஆள் மாமாதான். மற்ற எல்லோரும் வேறு மேளத்துக்கு நடந்துகொண்டிருப்பார்கள்.

இப்படி இருக்கும்போது மாமாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அதுவரை வந்தவை எல்லாம் சாதகம் பொருந்தாமலோ, பொருந்தியும் மாமாவோடு கொஞ்ச நேரம் கதைத்த பிறகோ தட்டிப்போயிருந்தன. இது கொட்டாஞ்சேனைப் பக்கம் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம், பொருத்தமும் நன்றாக இருந்தது. இதுவும் தவறினால் தம்பி தனிக்கட்டைதான் என்று அம்மா ஒரு வாரமாகச் சோறு தண்ணி இல்லாமல் திரிந்தார். மாப்பிள்ளை வீடு பார்க்க அவர்கள் வருகிறார்கள் என்றதும், மாமாவின் கசெற்றுகளை எல்லாம் அள்ளி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார். பாட்டைப் பற்றி ஒரு சொல் வாயிலிருந்து வரக்கூடாது என்று மாமாவிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

பெண்ணின் தகப்பனும் தாயும் வந்தார்கள். கூடவே பெண்ணும் வந்துவிட்டார். அவர்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பெண் தானே கார் ஓட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்ததைப் பார்த்து அம்மா ஒரு கணம் திகைத்துப்போனார், பிறகு சுதாரித்துக்கொண்டு சிரித்தார். தேத்தண்ணி வந்தது. எந்த ஊர், ஊரில் எந்த இடம், இன்னாரைத் தெரியுமோ என்று கதை போனது. யாழ்ப்பாணத்தார் இரண்டு குடும்பம் சந்தித்தால் ஐந்து நிமிஷத்தில் ஒரு பொது உறவினர் அகப்பட்டுவிடுவார். அன்றைக்குப் பார்த்து ஒருவரும் அகப்படவில்லை. எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அந்த அமைதியை அப்பாவால் தாங்க முடியவில்லை. பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துவிட்டது.

“பிள்ளை, அக்கான்ர வீடியோவைப் போடுங்கோ.”

அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஆனால் போட்டாயிற்று. அம்மா கண்ணால் காட்டிய சைகையைப் புரிந்துகொண்டு சத்தத்தை முழுக்க நிறுத்தினேன். “சத்தம் கொஞ்சம் பழுது” என்று அம்மா அவர்களுக்குச் சொன்னார். என் கெட்டித்தனத்தை எண்ணி எனக்கே பெருமையாக இருந்தது.

அக்கா சத்தமில்லாமல் நடந்து வந்தாள். தட்டுகள் சத்தமில்லாமல் வந்தன. அரியதரம் வந்தது. பிறகு மூலை வந்தது.

பாட்டு இல்லாமல் மாமாவின் தலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். மூன்று தரம் ஆடி நின்றது. இரண்டு தரம் வெட்டியது. ஒரு தோள் மட்டும் மேலே போய் வந்தது, பிறகு முழு உடம்பும் ஒரு உலுக்கு உலுக்கியது. கண்கள் மூடியபடியே இருந்தன. பெண்ணின் தகப்பன் கதிரையில் முன்னுக்கு நகர்ந்து தொலைக்காட்சியைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த மாமாவைப் பார்த்தார். பெண்ணின் தாய், வலிப்புக்காரர் கையில் கொடுக்க என்று, கைப்பைக்குள் சாவிக்கொத்தைத் தேடியது போலவும் எனக்குப் பட்டது.

“குறை நினைக்காதேங்கோ,” என்றார் தகப்பன், குரலைத் தாழ்த்தி. “தம்பிக்கு ஏதும் வருத்தம் இருக்கோ?”

அம்மாவுக்கு முன்னால் இப்போது இரண்டே வழிகள். தம்பி நோயாளி என்று அவர்களை நினைக்க விடுவது, அல்லது தம்பி கேட்கும் பாட்டு இது என்று காட்டுவது. அம்மா அவ்வளவு கஷ்டப்பட்டு யோசித்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“போடு பிள்ளை!” என்று கத்தினார். “சத்தத்தைப் போடு!”

பதற்றத்தில் நான் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவிட்டேன். கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுத்தன. ஆனால் தலைக்கும் மேளத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம். அத்தனை உலுக்கலுக்கும் நியாயம் கிடைத்துவிட்டது. “மிஸ்ரசாபு,” என்று அப்பா பெருமையோடு அறிவித்தார். மாமா எதையோ விளக்க வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்ட பெண்ணின் தகப்பன், இது எப்போது முடியும் என்று கேட்டார். இப்போது முடியும் என்று அம்மா பச்சைப் பொய் சொன்னார்.

அப்போதுதான் அதுவரை வாய் திறக்காமல் இருந்த பெண் என்னைப் பார்த்துக் கதைத்தார்.

“பிள்ளை, கொஞ்சம் பின்னுக்கு விடுவீங்களோ?”

விட்டேன். அரியதரத் தட்டு திரும்ப வந்தது, மாமா திரும்ப ஆடினார். பெண் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. குசினிக்குள் ஓடிப்போய், சாமிக்குப் படைக்க என்று அம்மா வைத்திருந்த அரியதரத்தில் இரண்டைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எடுத்துச் சாப்பிட்டார்.

சில நாட்களில் கொட்டாஞ்சேனையிலிருந்து சம்மதம் என்று செய்தி வந்தது. சாதகம் செய்த வேலை என்றார் அம்மா. தாளம் என்றார் அப்பா. “பாட்டை எல்லோ அவ திருப்பிக் கேட்டவ, அக்கா!” என்று மாமா அரிசிப் பானைக்குள் கைவிட்டுக் கசெற்றுகளைத் தோண்டி எடுத்தார். அரியதரம் கொடுத்தது நான் என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

கலியாணத்துக்குப் பிறகும் மாமி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த வீடியோவைப் போடச் சொல்லுவார். நான் அவருக்காக அரியதரத் தட்டில் கொண்டுபோய் நிறுத்தி வைப்பேன். “இன்னும் கொஞ்சம் விடுங்கோ” என்பார் மாமி. அதற்குள் நான் குசினிக்கு ஓடியிருப்பேன்.

அவர்கள் இப்போது வத்தளையில் இருக்கிறார்கள். மாமாவுக்குத் தலை நரைத்துவிட்டது, காது மாறிவிட்டது. விடியற்காலையில் பக்திப் பாடல்கள், மாலையில் பழைய சினிமாப் பாட்டு. முடியாத பாட்டைப் பற்றிக் கேட்டால், அது வயசுக் கோளாறு என்கிறார். மாமி நேர்மாறு. உலகத்தில் இருக்கிற முடியாத பாட்டையெல்லாம் தேடிப் பிடித்துக் காரில் வைத்திருக்கிறார். நீர்கொழும்பு வீதியில் வாகனங்கள் நகராமல் நிற்கும்போது, ஸ்டியறிங்கில் ஏழு ஏழாகத் தட்டிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்.

போன மாதம் அவர்களோடு அந்தக் காரில் வந்தேன். “இஞ்சாரும், அதைக் கொஞ்சம் குறையும், காதடைக்குது” என்று முன் சீட்டில் மாமா முனகினார். கொஞ்சத் தூரத்தில் அப்படியே நித்திரையாகிவிட்டார். பின்னால் இருந்த நான், இந்தப் பாட்டுக் கேட்டவுடனேயே பிடித்துவிட்டதோ என்று மாமியிடம் கேட்டேன்.

“எங்க பிடிச்சது! முதல்நாள் எனக்குத் தலையிடி.”

“பிறகேன் திருப்பிப் போடச் சொன்னீங்கள்?”

மாமி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“அண்டைக்கு வேண்டாம் எண்டு சொல்லுற முடிவோடதான் வந்தனான். எத்தினை மாப்பிள்ளையைப் பாக்கிறது? எல்லாரும் நிமிந்து இருந்து என்னை அளந்து பாப்பினம். இந்த மனிசன் எண்டால், அவ்வளவு சனத்துக்கு நடுவில, ஆர் பாக்கினம் எண்டு பாராமல் தன்ரபாட்டில சந்தோசமா நிண்டுது. அதை இன்னொருக்காப் பாக்கவேணும் போல இருந்தது. நீங்கள்தானே எப்பவும் பலகாரத் தட்டில கொண்டுபோய் நிப்பாட்டிப் போடுவீங்கள்.”

“அப்ப அரியதரம்?”

“ஐயோ, அது எனக்கு அப்ப கண்ணில காட்டேலாது,” என்று மாமி சிரித்தார். “நீங்கள் ஆசையாக் கொண்டுவந்து நீட்டினால் என்ன செய்யிறது? சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பழகிட்டுது. பாட்டும் அப்பிடித்தான்.”

சிவப்பு விளக்கில் கார் நின்றது. மாமாவின் தலை நித்திரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது, இம்முறை ஒரு தாளமும் இல்லாமல். மாமி பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பச்சை விழும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வயதில், பலகாரத்தைத் தவிர வேறு எதையும் ஒருவர் அவ்வளவு ஆசையாகத் திரும்பத் திரும்பப் பார்ப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.