தோளில் நின்ற பீங்கான் தொட்டி

என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது டாக்டர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். குந்தி உட்காரக் கூடாது. எங்கள் வீட்டிலோ குந்தி உட்காராமல் செய்யும் வேலை என்று எதுவும் கிடையாது. பாத்திரம் தேய்ப்பதெல்லாம் கிணற்றடிக் கல்லில்தான்.

மாமனார் அவளைக் கல்லிடைக்குறிச்சிக்கு அழைத்துப்போகும் அன்று வாசலில் நின்றபடி சொன்னார்:

“நின்னுண்டு பாத்திரம் தேய்க்க ஒரு வழி பண்ணுங்கோ மாப்ளே. பண்ணினேள்னா நானே கொண்டுவந்து விடறேன். இல்லேன்னா அவ அங்கேயே இருக்கட்டும்.”

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை நான் மாதக்கணக்கில் மென்றுகொண்டிருந்தேன். சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. முழக்கோலால் மல் துணியை அளக்கும்போதும் ‘அங்கேயே இருக்கட்டும்’ என்பதுதான் காதில் கேட்கும். கரமனையில் எங்கள் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் “ஆம்படையா எப்ப வரா?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அடுத்த மாதம் கேட்கவும் மாட்டார்கள், தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்து, குறுக்குச் சந்து வழியாகவே வீட்டுக்குப் போவேன்.

திருக்கொச்சி ராஜ்யமாக இருந்த காலம் அது. பங்களாக்களில்தான் நின்றபடி பாத்திரம் கழுவும் பீங்கான் தொட்டியைப் பார்க்க முடியும். சாலையில் ஓர் இரும்புக்கடையில் அப்படி ஒன்று, ஓரம் கொஞ்சம் உடைந்து, மலிவாகக் கிடைத்தது. வாங்கி வந்த வேகத்தில், ஞாயிற்றுக்கிழமைக்குள் மாட்டிவிடுவேன், அழைத்து வரலாம் என்று மாமனாருக்குக் கார்டும் போட்டுவிட்டேன்.

போட்ட பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

“யார் மாட்டறது?”

“குழாய் வேலைக்காரர் ஒருத்தரைச் சொல்லியிருக்கேன்.”

“அடுக்களைக்குள்ளேயா? நான் மடியாச் சமைக்கற எடத்துலயா?”

நனைத்து உலர்த்தி யாரும் தொடாத புடவையைக் கட்டிக்கொண்டு, சமையல் முடிகிறவரை யார் மேலும் படாமல் இருப்பாள் அம்மா. அதுதான் மடி. குளித்துவிட்டு வந்த என்னையே அருகில் விடமாட்டாள். கடைசியில் அவளே ஒரு தீர்ப்புச் சொன்னாள்:

“கொல்லைப்பக்கத்துக் குழாயை அவர் பாக்கட்டும். உள்ளே நீ பண்ணு. சுவத்துல ரெண்டு ஓட்டை போட உனக்குக் கையில்லையா என்ன?”

கை இருந்தது. அதற்கு வேலை தெரியாது. இரண்டாம் பாரத்தோடு படிப்பை நிறுத்திக் கடைக்குப் போனவன் நான். கத்தரிக்கோலைத் தவிர வேறு ஆயுதம் பிடித்ததில்லை. உளியை வாங்கிய அன்று, சுவர் முழுவதும் சரிந்து அம்மா மேல் விழுவதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

குழாய் வேலைக்காரர் நாஞ்சில் நாட்டு ஆள். கொல்லையில் நின்றுகொண்டு ஜன்னல் கம்பி வழியாக எனக்கு வேலை சொல்லித்தந்தார். தொட்டியைத் தாங்கும் இரண்டு இரும்புக் கைகளைச் சுவரில் புதைக்க வேண்டும்.

“அந்த இரும்பு எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்குத் துளை போதும், பாத்துக்கிடும்” என்றார்.

இங்கேதான் என் கடைப்புத்தி குறுக்கே வந்தது. துணியைக் கிழிக்கும்போது நாங்கள் சரியான அளவில் கிழிப்பதில்லை. நனைத்தால் சுருங்குமே என்று விரலளவு கூட விட்டுத்தான் கிழிப்போம். குறைந்துபோனால் என்ன செய்வது என்ற பயம் எனக்குக் கையிலேயே ஊறிப்போனது. சுவரிலும் அப்படியே செய்தேன். துளைகளைத் தாராளமாக வெட்டினேன். பழைய மண்சுவர் வேறு. தட்டத் தட்ட உதிர்ந்து இன்னும் தாராளமாயிற்று. மிச்ச இடத்தைச் சிமெண்டால் அடைத்தேன்.

“எப்பா! பூனை குடும்பத்தோட குடியிருக்கலாமே இதுல” என்றார் ஜன்னலுக்கு அந்தப்புறமிருந்து. “காரை நல்லா இறுகட்டும். அதுவரைக்கும் தொட்டியைத் தூக்கி வைக்காதேயும்.”

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டதே. மாமனார் வந்து பார்க்கும்போது தொட்டி தரையில் கிடந்தால்? காலையில் நானே அதைத் தூக்கி அந்த இரும்புக் கைகளின் மேல் வைத்தேன். நின்றது. சந்தோஷத்தில் ஓர் அடி பின்னால் வந்து பார்த்தேன். இரண்டு கைகளும் மெல்ல, வணக்கம் சொல்வதுபோல, தலை குனிந்தன.

பாய்ந்துபோய் அடியில் தோளைக் கொடுத்தேன். ஒருவரும் குந்தி உட்காரக் கூடாது என்று வாங்கிய தொட்டிக்கு அடியில் நான் குந்தியிருந்தேன். நகர்ந்தால் தொட்டி வரும், அதோடு சுவரும் வரும்.

“அனங்காதேயும் சாமி!” என்று, கொல்லையில் குழாயை மாட்ட வந்திருந்தவரின் குரல் ஜன்னலில் கேட்டது. “அனங்கினா தொட்டி கீழ, நீரு அதுக்கும் கீழ. நான் வந்து பிடிக்கேன், கதவைத் திறக்கச் சொல்லும்.”

கொல்லைக் கதவை அம்மா தாழ் போட்டிருந்தாள், அவர் தவறிக்கூட உள்ளே கால் வைத்துவிடக் கூடாதென்று. இப்போது அடுப்பின் பக்கத்தில், சம்பந்திக்கான அவியல் கரண்டியோடு, அசையாமல் நின்றாள்.

“அம்மா, கதவைத் திற.”

“பகவானே. நான் மடியாக்கும்டா. பருப்பு கொதிக்கறது.”

“ஸ்ரீபத்மநாபனே எல்லா சாதிக்காரனையும் கோவிலுக்குள்ள விட்டாச்சு தாயே” என்றார் அவர். “உங்க அடுக்களை அதைவிடப் பெரிய கோவிலா?”

“ராஜா சொன்னார், அவர் விட்டார். எங்கிட்ட எந்த ராஜாவும் சொல்லலை” என்றாள் அம்மா.

எனக்குத் தோள் நடுங்க ஆரம்பித்தது. மூச்சு விட்டாலும் மேலே சிமெண்டு பொடி உதிர்ந்தது. “அம்மா, முடியல” என்றேன். அது எப்படி ஒலித்ததோ தெரியவில்லை. அவள் கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். கதவுக்கு அல்ல, எனக்குப் பக்கத்தில். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, தன் தோளையும் அடியில் கொடுத்தாள். அவள் கை என் கைமேல் பட்டது.

“போச்சு. மடி போச்சு” என்றாள்.

பாரம் குறைந்தது. ஆனால் இப்போது கதவைத் திறக்க வீட்டில் ஆளே இல்லை.

அந்த நேரத்தில்தான் வாசல் கதவைத் தட்டும் சத்தம்.

“மாப்ளே! ஆத்துல ஆருமில்லையா?”

பின்னாலேயே என் மனைவியின் குரல். “ஏன்னா, கதவைத் திறங்கோ.”

வாயைத் திறந்தேன். “கத்தாதே, ஆடறது” என்று அம்மா என் காதருகே சீறினாள். மறுபடி தட்டினார்கள். பிறகு தட்டுவது நின்றது. ‘அவ அங்கேயே இருக்கட்டும்’ என்பது எனக்குக் கேட்டது. திரும்பிப் போய்விடுவார்கள், இப்போதே, நான் இங்கே கல் சிலைபோல உட்கார்ந்திருக்கையில்.

“தாயே, இதைப் பிடியும்” என்று கொல்லையிலிருந்து ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கடப்பாரை நீண்டது. “இரும்புக்குத் தீட்டில்ல.”

“எனக்குச் சாஸ்திரம் சொல்ல வேண்டாம். வேகமாக் குடுங்கோ.”

அம்மா ஒரு கையால் அதை இழுத்தாள். தொட்டியின் முன் விளிம்புக்கு அடியில் நிறுத்தி, அவர் சொல்லச் சொல்லத் தரையில் முட்டுக் கொடுத்தோம். முதலில் அவள் தோளை எடுத்தாள். பிறகு நான். தொட்டி நின்றது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

மாமனார் பயணப் பையோடு நேரே அடுக்களை வாசலுக்கு வந்தார். “பேஷ், வெள்ளைக்காரன் ஆத்து அடுக்களை மாதிரின்னா இருக்கு!” என்று கையை நீட்டித் தொட்டியை அழுத்திப் பார்க்கப் போனார். எனக்கு உயிர் போயிற்று.

“அங்கேயே நில்லுங்கோ!” என்றாள் அம்மா. “எல்லாம் மடி.”

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“அந்தக் கடப்பாரை?”

“காரை காயற மட்டும்” என்றேன்.

தலையை ஆட்டினார். “சொன்னபடி பண்ணிட்டேள் மாப்ளே. எனக்குத் திருப்தி. இவளை விட்டுட்டு நான் சாயங்காலம் கெளம்பறேன்” என்று சொல்லி, துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். குழாய் வேலைக்காரரும் கூலி வாங்கிக்கொண்டு போனபின், அம்மா பின்கட்டில் மறுபடி தலைக்கு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அடுக்களையில் நானும் என் மனைவியும் மட்டும் இருந்தோம். அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முகத்தில் நான் பார்த்திராத ஒரு மினுமினுப்பு. தொட்டியின் முன் போய் நின்றாள். என் இடுப்பை வைத்து அளந்திருந்தேன். அவளுக்கு அது மார்பளவு வந்தது. குழாயைத் திறந்தாள். நீர் முழங்கை வழியாக இறங்கி ரவிக்கையை நனைத்தது.

“ஒரு பலகை போட்டுண்டா சரியாப் போயிடும்” என்றேன் அவசரமாக.

“ம்.”

“அங்க எப்படி இருந்தது?”

“கார்த்தால எழுந்திருக்கவே வேண்டாம். மன்னி காப்பியைக் கொண்டுவந்து குடுப்பா. சாயங்காலம் ஆத்தங்கரைக்குப் போவோம்.” குழாயை மூடினாள். “நீங்க மாட்டி முடிக்க மாட்டேள்னு நெனைச்சேன். ஆடிக்கு அப்புறம்தான் வரவேண்டியிருக்கும்னு அம்மாகிட்டகூடச் சொன்னேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நான் ஒருநாளும் அதை யோசித்துப் பார்த்ததில்லை. அவளும் அங்கே உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டிருப்பாள் என்றே நினைத்திருந்தேன்.

“உங்கப்பா இன்னும் கெளம்பலியே. வேணும்னா அவரோட போய்ட்டு...”

“என்னன்னு சொல்லிண்டு போறது? அதான் தொட்டி வந்தாச்சே.”

அடுப்படியில், மடி போனதால் அம்மா கொட்டிக் கவிழ்த்துவிட்டுப் போன பருப்பு உருளி கிடந்தது. பலகையைத் தேடி எடுத்துவந்து அவள் காலடியில் போட்டேன். ஏறி நின்று உருளியைத் தொட்டிக்குள் வைத்தாள்.