தாகேதா வீட்டு ஹீட்டர்

ரங்கூனில் ஹீட்டர் வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் நம்பவில்லை. மின்விசிறி நின்றால் தூக்கம் கலைகிற ஊர் இது. ஆனால் தாகேதா பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீடு தரைத்தளம். மழை பிடித்துவிட்டால் அதற்குள் தனியாக ஒரு குளிர்காலம் நடந்தது. தலையணை நசநசக்கும். மடித்து வைத்த லோஞ்சிக் கைலிகளில் பூஞ்சை வாடையடிக்கும். படுக்கையறையின் உள்சுவரில் கை வைத்தால் உள்ளங்கை நனைந்துவிடும். அந்தச் சுவரை ஒட்டித்தான் எங்கள் மகளின் தொட்டில் கிடந்தது. அறையில் வேறு இடமில்லை.

மகள் குறைமாதத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: பிள்ளையின் உடம்புச் சூடு இறங்கக் கூடாது, அறை காய்ந்து இருக்க வேண்டும். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்தச் சுவரைத்தான் தொட்டுப் பார்த்தேன்.

வீட்டுச் சொந்தக்காரர் எனக்கு அந்நியர் இல்லை. நகரத்துக்குள் லத்தா பகுதியில் ஒரு மொத்தத் துணிக்கடையில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வருஷக்கணக்காக வேலை பார்த்தோம். என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நோன்பு மாதத்தில் அவர் வீட்டுக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும், தீபாவளிக்கு எங்கள் முறுக்கு அவர் வீட்டுக்குப் போய்விடும். எனக்குத் தாய் இல்லை. பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது அவர்தான். என் இரத்தக்கறைத் துணிகளை அவர் கையால் அலசினார். அதை நான் எந்தக் கணக்கிலும் கழிக்க முடியாது.

நான் உண்டாகியிருந்தபோது அவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குள் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனார். மகனுக்குப் பள்ளிக்கூடம் பக்கம் என்றார். "வெளியாளுக்கு விட மனசில்ல புள்ள. நீ வந்துரு" என்றார். நாங்கள் போய்ப் பார்த்தது நல்ல கோடை. சுவரெல்லாம் புதுப் பெயிண்ட், வெளிர்நீலம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே தரை குளுகுளுவென்று இருந்தது. கொடுத்துவைத்தவர்கள் நாம் என்று கணவரிடம் சொன்னேன். ஊர் வழக்கப்படி ஒரு வருஷ வாடகையை முன்கூட்டியே கட்டிவிட்டுக் குடிவந்தோம்.

சுவர் நனைகிறது என்று போனில் சொன்னதும் அவர் மறுநாளே வந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். "மழையில்ல, அப்படித்தான் இருக்கும். ஹீட்டர் ஒண்ணு வச்சா காஞ்சிரும். வா, வாங்க நானே கூட வர்றேன்" என்றார்.

பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு இருவரும் போனோம். முதலில் ஜப்பான் பழைய சாமான் கடை. அங்கே சூட்டுக் காற்று ஊதுகிற சின்னப் பெட்டி ஒன்று மலிவாக இருந்தது. நான் அதை எடுக்கப் போனேன்.

"அது வேணாம்" என்றார் அக்கா. "ஜப்பான் சாமானுக்கு நம்ம கரண்ட் ஆகாது, தனியா ட்ரான்ஸ்ஃபார்மர் வைக்கணும். அதோட அது ஊதுற வரைக்கும்தான் சூடு."

"அப்ப இந்தச் செவப்புக் கம்பி எரியிறது?"

"தொட்டில் துணி பறந்து மேல விழுந்தா? பச்சப்புள்ள இருக்கிற வீடு."

அங்கிருந்து சீனச் சாமான் கடைக்குப் போனோம். உள்ளே எண்ணெய் நிரப்பிய, மடிப்பு மடிப்பாகத் தகடு வைத்த ஒன்றை அவர் காட்டினார். சூடாவதற்கு நேரம் எடுக்கும். ஆனால் நெருப்பு இல்லை, சத்தம் இல்லை, காற்று இல்லை.

"மீ போனாலும் இதுல சூடு நிக்கும் புள்ள. கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும்" என்றார். மீ என்றால் எங்கள் பேச்சில் கரண்டு. முறை வைத்துக் கரண்டு வருகிற இந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். எப்படி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார் என்று வியந்துகொண்டே அதை வாங்கினேன். டாக்ஸியில் அவர்தான் அதை மடிமேல் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கரண்டு வரும்போதெல்லாம் ஹீட்டரைப் போட்டேன். கரண்டு அடுப்புச் சமையலை நிறுத்திவிட்டு அதைப் போட்டேன், தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போட்டேன். அறை சூடானது. ஆனால் காயவில்லை. சுவரிலிருந்து எழும்பிய ஈரம் ஜன்னல் கண்ணாடியில் போய் வழிந்தது. வெளிர்நீலப் பெயிண்ட் கொப்பளித்து உரிந்தது. தொட்டிலுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு படை படர ஆரம்பித்தது. துடைத்தால் இரண்டு நாளில் திரும்ப வந்தது. மகளுக்கு இருமல் கண்டது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அக்காவிடம் சொல்லி அழுதேன். "கதவச் சாத்திப் போடு, இன்னும் கொஞ்ச நாள் பாரு" என்றார்.

மேல்மாடியில் ஒரு பர்மாக்கார அம்மா இருந்தார். ஒருநாள் காலையில் பிள்ளையைப் பார்க்க வந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு. தொட்டிலைக் குனிந்து பார்த்தவர், மூலையில் இருந்த ஹீட்டரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இத இங்கயே விட்டுட்டுப் போயிட்டாளா?" என்று பர்மியில் கேட்டார்.

"இல்லையே, நான் புதுசா வாங்குனது."

"அவளும் இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தா. இதே மூலையில. பையனுக்கு இழுப்பு வந்தப்ப."

எனக்குப் புரியவில்லை. அவர்தான் பொறுமையாகச் சொன்னார். மாடிக் குளியலறைகளின் தண்ணீர்க் குழாய் அந்தச் சுவருக்குள்தான் இறங்குகிறது. உடைந்து ரொம்ப நாளாகிறது. சுவரை உடைத்துக் குழாயை மாற்ற வேண்டும். செலவை யார் ஏற்பது என்று மாடிக்காரர்களும் அக்காவும் பேசிப் பேசி முடியாமலே போயிற்று. இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டு, மகனுக்கு மூச்சு இழுப்பு நிற்காததால் அக்கா வீட்டைக் காலி செய்தார்.

"ஹீட்டர் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அவளுக்குத் தெரியுமே. உன்கிட்ட சொல்லலையா?"

கடையில் அக்கா சொன்னது ஒவ்வொன்றும் காதில் திரும்பக் கேட்டது. ட்ரான்ஸ்ஃபார்மர், செவப்புக் கம்பி, மீ போனாலும் சூடு நிக்கும். எல்லாம் அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. அதைச் சொன்ன வாய் மிச்சத்தைச் சொல்லவில்லை.

அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, நல்ல காற்று. மகன் கூடத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அவனை உள்ளே போகச் சொல்லிவிட்டு என்னை உட்கார வைத்தார். நான் உட்காரவில்லை.

"சுவத்துக்குள்ள பைப்பு ஒடஞ்சிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

அவர் மறுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

"என் புள்ளக்கி மூச்சு இழுக்குதுக்கா."

"அந்த வாடகை இல்லேன்னா இந்த வீட்ட நான் எடுத்திருக்க முடியாது. எம்புள்ளைக்கும் மூச்சுத்தான்." மகன் போன அறைப் பக்கம் பார்த்துவிட்டு, "இருக்கிறதுலயே நல்ல ஹீட்டராப் பாத்துத்தானே ஒனக்கு வாங்கிக் குடுத்தேன்" என்றார்.

அதை அவர் மனசாரச் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை ஏமாற்றியதை அவர் எனக்குச் செய்த உதவியாக நினைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் என் துணியை அலசிய கையும் இதுதானே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு இறங்கி வந்துவிட்டேன்.

அந்த வாரமே என் நாத்தனார் வீட்டில் ஓர் அறைக்கு மாறினோம். நெருக்கடிதான், ஆனால் ஈரமில்லை. இருமல் மெதுவாக அடங்கி, மழை விடுவதற்குள் மகள் கன்னத்தில் சதை வைத்துவிட்டாள். ஹீட்டரை வழியில் ஒரு பழைய சாமான்காரரிடமே போட்டுவிட்டோம். முன்பணத்தில் மிச்சத்தை அக்கா தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மழை நின்ற பிறகு, விட்டு வந்த அலமாரியை எடுக்கத் தாகேதா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. சுவரெல்லாம் மறுபடியும் பெயிண்ட், இந்த முறை வெள்ளை. ஓர் இளம் தம்பதி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாள். அக்கா அவர்களிடம், கோடையில் குளுகுளுவென்று இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் பெண்ணின் அருகில் போய், சுவருக்குள் குழாய் உடைந்திருக்கிறது, மழையில் இங்கே பிள்ளை வளர்க்க முடியாது என்று பர்மியில் சொன்னேன். அவள் தன் கணவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. அவர்கள் போனதும், "இதுக்கா ஒன் தலமாட்டுல அத்தன நாளு உக்காந்திருந்தேன்?" என்று மட்டும் கேட்டார். கண் கலங்கியிருந்தது. அவர் மனசில் துரோகம் செய்தது நான்தான்.

நான் அலமாரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நோன்பு மாதம் வந்தால், கஞ்சி வரும் மாலை நேரத்தில் வாசல் கதவு தட்டுகிற சத்தத்துக்கு என் காது தானாகத் திரும்புகிறது. அதை நினைத்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது.