அஜ்மான் கதவில் ஒட்டிய மாவு

அல் குசைஸ் கேம்ப்பை விட்டு நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே செருப்பின் அடி சூட்டில் இளகிவிட்டது. தார் ரோட்டில் நடந்தால் செருப்பு ஒட்டியது. இறங்கி நடந்தால் மணல் சுட்டது. மாறி மாறி நடந்தேன். தோளில் ஒரு பை. அதில் சட்டையும் கைலியும் சோப்பும். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்று எனக்கே தெரியாததால் கேட்கவில்லை.

கேம்ப்பில் யாரும் என்னை அடிக்கவில்லை. சுவர் பூசுகிறவர்களுக்குக் கலவை சுமப்பது என் வேலை. பூச்சு விழுந்தால் போர்மேன் திட்டுவார். மறுபடி சுமக்க வேண்டும். தண்ணீர் லாரி வராத நாளில் சிமெண்டோடு படுக்க வேண்டும். இதெல்லாம் அங்கே எல்லோருக்கும் இருந்தது. எனக்கு மட்டும்தான் கால் நிற்கவில்லை. எட்டாம் வகுப்பில் பாடம் நடக்கும்போதே எழுந்து வெளியே வந்தவன் நான். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் கடைசி மணி அடிக்கும்வரை இருந்ததில்லை.

ஷார்ஜா போகிற ரோட்டில் ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் என்னைத் தாண்டிப் போய் நின்றது. பிறகு ரிவர்ஸில் வந்தது. ஓட்டியவர் கனத்த ஆள். நரைத்த சுருட்டை முடி. பின்சீட்டில் ஒயர்களும் ஸ்டாண்டுகளும் ஒரு பெரிய பெட்டியும் கிடந்தன.

"ஹிந்தி?" என்றார். அரபிக்காரர்கள் இந்தியனா என்று அப்படித்தான் கேட்பார்கள்.

தலையாட்டினேன்.

"ஹாத் மஜ்பூத்?"

கை பலமாக இருக்குமா என்ற கேள்வி. நீட்டிக் காட்டினேன். உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "யல்லா" என்று கதவைத் திறந்துவிட்டார்.

போகிற வழியில், இந்தியும் அரபியும் கலந்து அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்தது. அவர் லெபனான்காரர். ஊரில் கல்யாணங்களை ஃபிலிமில் எடுத்துக்கொண்டிருந்தவர். சண்டை வந்த பிறகு இங்கே வந்து வீடியோ கேமரா வாங்கியிருந்தார். அன்று சாயங்காலம் ஷார்ஜாவில் ஒரு லெபனான் கல்யாணம். அவருக்கு விளக்கு பிடிக்கிற ஆள் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"வீடியோ நை," என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். "வீடியோ துக்கான் மே மில்தா. மைன் சினிமா பனாத்தா." வீடியோ கடையில் கிடைக்கும், தான் எடுப்பது சினிமா என்று அர்த்தம். அந்த வண்டியில் ஏசி வேலை செய்யவில்லை. ஆனாலும் சினிமா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

கல்யாணப் பெண் தன் சித்தி வீட்டில் இருந்தாள். ஷார்ஜாவில் தண்ணீர் ஓரத்துக் கட்டிடம் ஒன்றில் மூன்றாவது மாடி. வீடு முழுக்கப் பெண்கள். பன்னீர் வாசனையும் காப்பி வாசனையும். எனக்கு உட்கார இடம் தெரியாமல் சமையலறைக்குள் போய் நின்றேன். அங்கே ஒரு பெண் கிண்ணத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"தமிழோ?" என்றாள்.

நான் திகைத்து நின்றேன்.

"ஓம் எண்டு சொல்லுமன். முகத்திலையே எழுதிக் கிடக்கு. முதல்ல தண்ணியைக் குடியும்."

யாழ்ப்பாணத்துக்காரி. அந்த வீட்டில் வேலை. அரபியை வீட்டுக்காரர்கள் மாதிரியே பேசினாள். என்னைவிடச் சில வயது கூட இருக்கும். அக்கா என்று கூப்பிட்டேன். பசியில் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

"இது சாப்பாட்டுக்கில்லை, தம்பி. பொம்பிளை மாப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் போனவுடனை இதைக் கதவிலை ஒட்டோணும். ஒட்டினால் குடும்பம் நிலைக்கும் எண்டு இவையின்ரை வழக்கம்."

"விழுந்துட்டா?"

"விழாது. வாயைக் கழுவும்."

ஒரு ரொட்டியைக் கிழித்து என் கையில் வைத்துவிட்டு மாவை மறுபடி உருட்டினாள். "பொம்பிளையின்ரை தாய் பெய்ரூட்டிலை. எயார்போட் பூட்டிக் கிடக்கு, வரேலாது. மனுசி டெலிபோனிலை அழுது கேட்டது ஒண்டே ஒண்டுதான். மாவு கதவிலை ஒட்டி நிக்கிறதை என்ரை கண்ணாலை பார்க்கோணும் எண்டு. நாளைக்குப் பின்னேரம் ஒராள் சைப்ரஸ் போறார். அங்கையிருந்து கப்பல். அவரிட்டைத்தான் கசெற் போகுது. நீர் லைட் பிடிக்கிற இடம்தான் அந்த மனுசிக்குத் தெரியும். மற்றதெல்லாம் இருட்டு. விளங்குதோ?"

"விளங்குது."

"என்ரை அம்மாவும் ஊரிலைதான். அதை விடும். ரொட்டியைத் தின்னும்."

பாட்டரிகள் தைத்த பெல்ட்டை என் இடுப்பில் கட்டினார் கேமராக்காரர். ஒரு சிமெண்ட் மூட்டையில் கால்வாசி கனம் இருந்தது. விளக்கு கையடக்கம்தான். ஆனால் ஏற்றியதும் முகத்தில் அடுப்பு வைத்தது மாதிரி சூடு. எனக்கு வேலை இவ்வளவுதான்: பெண்ணும் மற்றவர்களும் முன்னால் நடந்து வருவார்கள். கேமராக்காரர் அவர்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பார். நான் அவருக்குப் பக்கத்தில் ஒரு கையில் விளக்கை உயர்த்தி, இன்னொரு கையால் அவர் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு, அவர் எதிலும் இடித்துவிடாமல் பின்னாலேயே கூட்டிப்போக வேண்டும்.

பெரிய மத்தளம் ஒன்றை ஒருவர் தோளில் மாட்டி அடித்தார். கதவு திறந்தது. வெள்ளை உடுப்பில் பெண் வெளியே வந்தாள். சித்தி கையை வாயோரம் வைத்து, "ஆவீஹா" என்று நீட்டி ஒரு பாட்டு வரியைச் சொன்னாள். வரி முடிந்ததும் அத்தனை பெண்களும் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்துக் குலவையேதான். இந்தச் சத்தத்துக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது என் குதிகால் காற்றில் தொங்கியது. பின்னால் மாடிப்படி. அரபியிலும் இந்தியிலும் அதற்கு என்ன சொல் என்பது மறந்துபோய், "படி! படி!" என்று கத்தினேன். கேமராக்காரர் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே காலைத் தாழ்த்தித் துழாவினார். இறங்கினார். "படி" என்றேன் மறுபடியும். இன்னொரு படி இறங்கினார். மூன்று மாடியும் அப்படியே. பெண் வெளிச்சத்துக்குள் மிதந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் நிழலும் சத்தமுமாக இருந்தது.

கீழே வந்ததும் அக்கா காதருகில் சிரித்தாள். "என்ன தம்பி, அந்தாளைப் போய்ப் படி படி எண்டு கலைக்கிறீர். நீர் எத்தினையாம் வகுப்பு?"

"எட்டு. அதுவும் பாதி."

"அப்ப சரி. ஆராவது படிக்கட்டும்."

மாப்பிள்ளை வீடு அஜ்மானில். வாடகை குறைவு என்று அங்கே எடுத்திருந்தான். மாப்பிள்ளையின் உறவுக்காரர் ஒருவர் ஸ்டேஷன் வேகனை ஓட்ட, பின்கதவைத் திறந்துபோட்டு நானும் கேமராக்காரரும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம். பெண் வந்த கார் எங்களுக்குப் பின்னால், ரிப்பன் படபடக்க. ஹாரன்கள். எங்கள் வலதுபுறம் கடலுக்குள் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அதுவரை நான் எங்கே போனாலும் போகிற திசையைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் விட்டுப்போகிற ரோட்டைப் பார்த்தேன். கட்டிடங்கள், ஈச்ச மரங்கள், பள்ளிவாசல் விளக்கு, எல்லாம் மெதுவாகச் சின்னதாகின. பெண்ணின் முகம் மட்டும் அதே தூரத்தில் இருந்தது. கேம்ப்பும் கலவையும் யாரோ சொன்ன கதை மாதிரி ஆகிவிட்டன. தூங்கிவிடுவேனோ என்று பயந்து கன்னத்தை விளக்கின் சூட்டில் காட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டு நடையில் ஜன்னல் இல்லை. அங்கிருந்த டியூப்லைட் படத்தைக் கெடுக்கும் என்று கேமராக்காரர் அணைத்துவிட்டார். கதவுக்கு முன்னால் கூட்டம். வெள்ளை பெயிண்ட் அடித்த பளபளப்பான கதவு. அக்கா கிண்ணத்தை நீட்டினாள். மாவில் ஒரு பச்சை இலையும் ரோஜா இதழும் பதித்திருந்தாள். பெண் அதை எடுத்துக் கதவில் அழுத்தினாள். கையை எடுத்தாள். குலவை கிளம்பியது.

மாவு நகர்ந்தது.

நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் மாதம். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று காலையிலிருந்து உள்ளே ஏசியை முழுசாக வைத்திருந்தார்கள். கதவின் வெளிப்பக்கம் குளிர்ந்து, கடல் காற்றின் ஈரத்தில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. லெபனான் மலையில் யாருக்கும் வியர்க்கிற கதவு இருந்திருக்காது. மாவு கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கியது.

நான் விளக்கை அணைத்தேன். யோசித்துச் செய்ததில்லை. விரல் தானாக அழுத்தியது. இருட்டில் அது தரையில் விழுகிற சத்தம் மெத்தென்று கேட்டது.

மத்தளம் நின்றது. குலவை பாதியில் அறுந்தது. "லைட்! லைட்!" என்று கேமராக்காரர் என் விலாவில் இடித்தார். யாரோ விசும்பத் தொடங்கினார்கள். சித்தி என்று நினைக்கிறேன். பூச்சு விழுந்தால் திட்டு விழும் என்று பழகிய எனக்கு, யாரும் திட்டாதது இன்னும் பயமாக இருந்தது.

அப்போது இருட்டுக்குள் பெண் சிரித்தாள். ஏதோ சொன்னாள். இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்றேன் அக்காவிடம்.

"லைட் இல்லை, அம்மா பார்க்கேல்லை எண்டு சொல்லுறா. அம்மா பார்க்காதது விழேல்லையாம்."

உடுப்பு சரசரத்தது. அவள் குனிகிறாள். பிறகு கதவில் உள்ளங்கை அறைகிற சத்தம். "யல்லா, நூர்" என்றாள். நூர் என்றால் வெளிச்சம் என்று எனக்குத் தெரியும். ஏற்றினேன்.

அவள் கை கதவில் இருந்தது. விரல்களுக்கு நடுவே மாவு பிதுங்கி, இலை ஓரமாக எட்டிப் பார்த்தது. அவள் கேமராவை நேராகப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. எடுத்தால் விழும் என்று நடையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை தன் கையை அவள் கை மேல் வைத்தான். சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெய்ரூட்டிலிருக்கும் தன் அக்காளிடமே பேசுவது மாதிரி கேமராவைப் பார்த்து ஒரு வரி சொன்னாள். பெண்கள் குலவை போட்டார்கள். மறுபடி ஒரு வரி. மறுபடி குலவை. ஆண்கள் கைகோத்து, அந்தக் குறுகிய நடையிலேயே காலைத் தரையில் உதைத்து ஆட ஆரம்பித்தார்கள். அக்கா எல்லோரையும் இடித்துக்கொண்டு வந்து, பெண்ணின் கை நகராதபடி கதவை ஒரு சாண் மட்டும் திறந்து உள்ளே நுழைந்தாள். ஏசி நின்ற சத்தம் வெளியே கேட்டது.

"கரீப், கரீப்," என்றார் கேமராக்காரர். கிட்டே போகச் சொன்னார். போனேன். விளக்கின் சூட்டில் கதவின் நீர்த்துளிகள் ஒவ்வொன்றாகச் சின்னதாகி மறைந்தன. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆட்டம் நடந்தது, யாரோ எங்கள் வாயில் இனிப்பு ஊட்டினார்கள், நான் நின்றுகொண்டே இருந்தேன். ஓரிடத்தில் அவ்வளவு நேரம் போக நினைக்காமல் நின்றது எனக்கு அதுதான் முதல் தடவை.

கடைசியில் அவள் சுண்டுவிரலை எடுத்தாள். அடுத்த விரலை எடுத்தாள். உள்ளங்கையை மெல்ல உரித்தாள்.

மாவு நின்றது.

அன்று இரவு கேமராக்காரர் தன் ஸ்டுடியோ தரையில் எனக்குப் படுக்க இடம் கொடுத்தார். விடிந்ததும் அவர் கேசட்டைப் போட்டுப் பார்த்தார். நானும் பார்த்தேன். பெண் மாவை அழுத்துகிறாள். அது ஒரு விரல்கடை இறங்குகிறது. உடனே இருட்டு. இருட்டுக்குள் விசும்பல், சிரிப்பு, ஒரு அறை. பிறகு வெளிச்சத்தில் அவள் கை. நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவர் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"கட் நை கரேகா," என்றார். வெட்டப்போவதில்லை. ஏன் என்று கையைக் காட்டிக் கேட்டேன். பெய்ரூட்டில் தினமும் கரண்ட் போகும் என்றார். கல்யாணத்தில் கரண்ட் போவது அந்த அம்மாவுக்குப் புதிதில்லை. சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆனால் கேசட்டில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. காலையிலும் மாவு நிற்கிறது என்று அந்த அம்மா பார்க்க வேண்டும் என்றார். நின்றால்தான்.

மறுபடி அஜ்மானுக்குப் போனோம். மாடி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

நடை காலியாக இருந்தது. மாவு கதவில் இருந்தது. காய்ந்து, ஓரத்தில் வெடித்து, நடுவில் அவள் விரல்களின் பள்ளம் அப்படியே இருந்தது. இலை சுருண்டிருந்தது. உள்ளே ஏசி ஓடுகிற சத்தம் இல்லை. அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். புதுப்பெண்ணுக்குத் துணையாக இரவு தங்கியிருந்தாள்.

"நான் காவல் இருந்தனான்," என்றாள். "பிடியும் லைட்டை. தாய் பார்த்துக்கொண்டு நிக்கிறா."

கேமராக்காரர் கேமராவைத் தோளில் ஏற்றினார். கண்ணை வைத்தார். தன் இடுப்பு வாரை என் பக்கம் திருப்பிக் காட்டி, "ரோஜ் ஆயேகா?" என்றார். தினமும் வருவாயா என்று கேட்டார்.

விளக்கை ஏற்றினேன். அவர் இடுப்பு வாரைப் பிடித்தேன். கதவைப் பார்த்தபடி இரண்டு பேரும் பின்னோக்கி நடந்தோம். மாவு மெல்ல மெல்லச் சின்னதாகியது. நடையின் முடிவில் என் குதிகால் விளிம்பைத் தொட்டது.

"படி," என்றேன்.

அவர் காலைத் தாழ்த்தினார்.