சேமியா பாயசத்தில் மேப்பிள் சிரப்

வளைகுடாவில், மங்காஃபில் எங்கள் கட்டட வாட்ச்மேன் சிவகங்கைக்காரர். மளிகைச் சாமான் வந்தால் லேபிளைத் தேதிவரை உரக்க வாசித்துவிட்டுத்தான் கையில் தருவார். அது தெரிந்த நான்தான், தேதி முடிந்த மேப்பிள் சிரப் பாட்டிலைக் குப்பையில் போட மனமில்லாமல், ஏதோ உபகாரம்போல அவரிடம் நீட்டினேன். "வெல்லப்பாகு மாதிரிதான், வச்சுக்குங்க."

இரண்டு நாள் கழித்து சேமியா பாயசத்தோடு வந்தார். "பாலை இறக்கி ஆறவிட்டு அந்தப் பாகை ஊத்துனேன் சார், திரியவே இல்ல. பாப்பாவுக்குக் குடுங்க."

மகள் ஆசையாய்க் கை நீட்டினாள். சட்டென்று அவளைப் பின்னால் இழுத்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீங்க சார். நேத்தே நான் சாப்பிட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் செய்யல."

அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுச் சாமான்களின் லேபிளை உரக்க வாசித்துத்தான் தந்தார். தேதியை மட்டும் விட்டுவிடுவார்.