வெள்ளிக்கிழமை நோன்பு

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, ஆம்பூர்த் தோல் மண்டியின் பின்புறத்து வரிசை வீடுகளில் சோற்றுத் தாம்பாளம் வந்து இறங்கும்போது, அமீர் பாஷா சற்றுத் தள்ளிச் சுவரோரமாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார். "எனக்கு நோம்பு. நீங்க சாப்டுங்க," என்பார்.

கடப்பைப் பக்கத்தில் மழை பொய்த்த ஆண்டில் ஒன்றாகப் புறப்பட்டு வந்த குடும்பங்கள் அவை. வீட்டில் உருது, அண்டையில் வசிக்கும் என்னோடு மண்டியில் கற்ற தமிழ். வாரம் ஒரு நாள் ஆண்கள் அனைவரும் ஒரே தாம்பாளத்தில் கைவைத்து உண்பது அவர்கள் வழக்கம். தனித்தட்டுக் கேட்பவன் பகை கொண்டவன், இல்லையேல் நோயாளி.

சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை மரக்கட்டைமேல் விரித்து மயிர் வழிப்பது பாஷாவின் தொழில். இருமல் வந்தால், "சுண்ணாம்புக் காரம்ங்க," என்று கேளாதவர்க்கும் சொல்லிவிடுவார்.

வேலூர் டாக்டரின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல என்னைத் துணைக்கு அழைத்துப் போயிருந்தார். க்ஷயம், காசநோய் என்றார் டாக்டர். தனிப் பாத்திரம், பால், முட்டை, ஓய்வு என்றார். திரும்புகையில் பஸ் மாதனூரைத் தாண்டியதும் பாஷா என் பக்கம் குனிந்தார். பிறகு சொன்னார்: "வெளியே சொல்லிடாதீங்க சார். மண்டியில தெரிஞ்சா என்னை மட்டும் அனுப்ப மாட்டாங்க. கடப்பைக்காரங்களுக்கே சீக்குன்னு வரிசையையே காலி பண்ணிடுவாங்க. அதுக்குன்னு நம்மாளுங்க தட்டுல கை வைக்கவும் மனசு வர்ல." அவர் பெயரையும் ஊரையும் இங்கே மாற்றியே எழுதுகிறேன்.

அந்த வாரமே நோன்பு தொடங்கியது. வெள்ளியன்று மட்டும் தனியே நோன்பிருப்பது முறையன்று எனப் பள்ளிவாசல் பெரியவர் கண்டித்தார்: "முந்தின நாள் இல்லாட்டி மறுநாள் சேத்து வெக்கணும் பாஷா. தெரியாதா உனக்கு?"

"தெரியும் ஹஜ்ரத்," என்று வியாழனையும் சேர்த்துக்கொண்டார். பால் குடிக்கவேண்டிய உடம்பு இரண்டு பகல் பட்டினி கிடந்தது.

உடன் வேலை செய்யும் குர்ஷித் அலி விடமாட்டார். "இன்னா பாஷா, சொர்க்கத்துல முன்னாடியே எடம் புடிக்கிறியா? எனக்கும் ஒரு துண்டு போட்டு வை." பாஷாவும் சிரிப்பார், சிரிப்பு இருமலாக மாறாதபடி வாயை இறுக மூடிக்கொண்டு.

பெருநாளன்று நோன்பிருக்க மார்க்கத்தில் இடமில்லை. சென்ற பெருநாள் விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பாஷா பரிமாறும் வேலையை ஏற்றுக்கொண்டு அகப்பையோடு ஓயாமல் நடந்தார். கடைசியில் குர்ஷித் அவர் தோளை அமுக்கித் தாம்பாளத்தருகே உட்காரவைத்தார்.

"பாருங்க சார், தொரைக்கு ஊட்டி வுட்டாத்தான் எறங்குமாம்," என்று சொல்லி, ஒரு கவளத்தைத் தன் கையாலேயே அவர் வாயில் வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

பாஷா மென்று விழுங்கினார். குர்ஷித்தின் கை தாம்பாளத்துக்குத் திரும்புமுன் அதன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். மறுகையால் தண்ணீர்ச் செம்பை எட்டி எடுத்துச் சாய்த்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக அலம்பிவிட்டார்.