இரண்டு ஜோடி ஷூவும் ஒரு மலை இறக்கமும்

வாடகைக் கார் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டவளுக்குக் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். இருட்டிய பிறகு ஜவ்வாது மலைப்பாதையில் ஒரு வண்டி ஏறினால், அது திருப்பத்தூர் பஸ்ஸா, புளிமூட்டை ஏற்றப் போகும் லாரியா, நம்முடையதா என்று அரிசி களைந்துகொண்டே சொல்லிவிடுவேன். வண்டிக்காரர் வீட்டுப் பெண்களே, உங்களுக்கும் இந்த வியாதி உண்டு என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். பாப்பா தூளியில் தூங்குகிறாள். விழிப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.

தோசைக்கல் சத்தம்

அன்று வந்தது நம் வண்டிதான். ஆனால் ஊருக்குள் இறங்கும் சரிவில் அதோடு இன்னொரு சத்தமும் சேர்ந்து வந்தது. யாரோ தோசைக்கல்லைக் கருங்கல்மேல் தரதரவென்று இழுக்கிற மாதிரி. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. என்ன மிருகமோ என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மூலையில் போய் நின்றேன். வாசலில் வந்து நின்றது எங்கள் கார்.

என் வீட்டுக்காரர் சவரி இறங்கி, பின்சக்கரத்தை ஒரு முறை முறைத்தார். பின்பக்க பிரேக்கில் லைனிங் முழுக்கத் தேய்ந்துவிட்டதாம். அதைப் பிடித்திருக்கும் ஆணிகள் இப்போது இரும்பு டிரம்மையே தின்கின்றனவாம். அப்படியானால் சரியாகும்வரை வண்டியை எடுக்காதீர்கள் என்றேன். திங்கட்கிழமை மாரி கவுண்டர் வீட்டாரை, மகள் கல்யாணத்துக்குத் தாலியும் சேலையும் வாங்கத் திருப்பத்தூருக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டாராம். சொன்ன சொல் தவறக்கூடாதாம். பிரேக் இல்லாமல் அத்தனை வளைவுகளா என்று நான் கேட்டதற்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ரெண்டாவது கியர்ல போட்டு இறக்கிடுவேன் ஸ்டெல்லா. பிரேக்கு இன்னாத்துக்கு? அது பயந்தவங்களுக்கு."

கைப்பிடி உதைத்தது

மறுநாள் காலைக் குளிரில் வண்டி கிளம்பவில்லை. முன்னால் கைப்பிடியை மாட்டிச் சுற்றினார். இன்ஜின் ஒரு முறை இருமி, கைப்பிடியைத் திருப்பி உதைத்தது. வலது மணிக்கட்டு பூரியாக உப்பிவிட்டது. எலும்பு கட்டுகிறவர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். ஸ்டியரிங் பிடிக்கலாம், ஸ்பேனர் பிடிக்க முடியாது. இந்தக் கையோடும் திங்கட்கிழமை போகத்தான் போகிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

திருப்பத்தூர் மெக்கானிக்கோ மலை ஏற மாட்டார். வண்டியோ மலை இறங்கக் கூடாது. நடுவில் நான். எனக்கு இருபத்திரண்டு வயது. கான்வென்டில் சொல்லிக்கொடுத்த பூத்தையலும் பியானோவில் பாதிப் பாட்டும்தான் தெரியும். இவர் இல்லாமல், கறுப்புப் புடவையும் கைக்குழந்தையுமாக என்னையே ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். உடனே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நீங்கள் சொல்லுங்கள், நான் கழற்றுகிறேன் என்றேன். அவர் சிரித்தார்: "ஜாக்கின்னா அது ரவிக்கைத் துணி இல்ல, தெரியுமில்ல?"

இரண்டு ஜோடி ஷூ

டிரம்முக்குள் பிறைபோல் வளைந்து இருக்கும் இரும்புத் துண்டுக்கு ஷூ என்று பேர். சக்கரத்துக்கு ஒரு ஜோடி. அதன் முதுகில் ஒட்டியிருப்பதுதான் லைனிங். இதெல்லாம் எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் தெரிந்த மறுநிமிடமே ஏதோ பிறந்ததிலிருந்து தெரிந்தவள் மாதிரி, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் கண்டக்டரிடம் ஓடிப்போய், திருப்பத்தூரிலிருந்து இரண்டு ஜோடி ஷூ, லைனிங் வைத்தது, நல்லதாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னேன்.

சாயங்காலம் கண்டக்டர் தாமே இறங்கி வந்து, ஒரு அட்டைப்பெட்டியைப் பணிவாக நீட்டினார். உள்ளே குதிகால் வைத்த பெண்கள் ஷூ ஒரு ஜோடி, பாப்பா உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு ஷூ ஒரு ஜோடி. சவரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கண்டக்டர் என்னிடம் சொன்னார்: "உள்ளாற வெல்வெட்டு லைனிங் வச்சதுதான் வேணும்னு கடைகடையா ஏறி இறங்கினேம்மா. கான்வென்ட்ல படிச்சவங்க எத்தினி நாளைக்கு வெறுங்கால்ல நடப்பீங்க?"

மறுநாள் தேய்ந்த பழைய ஷூவையே கழற்றித் துணியில் சுற்றி, பஸ்ஸில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் மடியில் வைத்தேன். பிரித்துப் பார்த்தார், தம் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதும் பேரு ஷூன்னா, காலுக்குப் போடறதுக்குப் பேரு இன்னாம்மா?"

சீப்புக் கண்ணாடி

அந்தப் பழைய ஷூவைக் கழற்றவே, முன்சக்கரங்களுக்கு அடியில் என் அம்மியின் குழவியையும் ஒரு பாறைத்துண்டையும் முட்டுக் கொடுத்தேன். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, மரத்துண்டுகள்மேல் உட்கார வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பாதே என்று சவரி திரும்பத் திரும்பச் சொன்னதை, ஜெபம் மாதிரி நானும் சொல்லிக்கொண்டே செய்தேன். டிரம் லேசில் வரவில்லை. விறகுக்கட்டையை அணைத்து வைத்துச் சுத்தியலால் சுற்றிலும் தட்டித் தட்டி எடுத்தேன். உள்ளே இசைத்தட்டு மாதிரி கோடுகோடாக இருந்ததை உப்புத்தாளால் தேய்த்தேன். கைகள் இரண்டும் கரிச்சட்டி அடிப்பாகம் ஆயின.

வலதுபக்கத்தைப் பிரிக்கும்போது இடதுபக்கத்தை மாதிரிக்கு அப்படியே விட்டுவை என்றிருந்தார். விட்டுத்தான் வைத்தேன். கண்டக்டர் இந்த முறை சரியான ஷூவையே கொண்டுவந்தார். ஆனால் மாட்டப் போனால், இடது எல்லாமே வலதுக்குத் தலைகீழ். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று சவரி கட்டுப்போட்ட கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதில், அவருக்கே குழம்பிவிட்டது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தலைவாரும் கண்ணாடியை எடுத்துவந்து இடதுசக்கரத்தின் முன் பிடித்தேன். கண்ணாடிக்குள் அச்சு அசலாக வலதுசக்கரம். பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு, ஓடிப்போய் மாட்டுவேன். மறந்தால் மறுபடி வந்து பார்ப்பேன். அப்போதுதான் மாரி கவுண்டரின் மனைவி காளியம்மா, திங்கட்கிழமை பயணம் உண்டுதானே என்று கேட்க வந்தவர், சக்கரத்துக்கு முன் கண்ணாடியோடு குந்தியிருந்த என்னைப் பார்த்துவிட்டு வந்த வேலையை மறந்தார். "இன்னாம்மா இது, வண்டிக்குப் பொட்டு வெச்சு வுடறியா?"

சும்மா இராத கால்

இடதுபக்கத்துப் பழைய ஷூவைக் கழற்றியாயிற்று. புதியதை இன்னும் மாட்டவில்லை. இந்த நேரத்தில் யாரும் பிரேக்கை மிதிக்கக் கூடாது, மிதித்தால் உள்ளேயிருக்கும் பிஸ்டன் துள்ளி வெளியே வந்துவிடும், எண்ணெயெல்லாம் போய்விடும் என்று எனக்குப் பாடம் நடத்தியவர் அவர்தான். பாடம் முடிந்து, கால் வலிக்கிறதென்று டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

தெருவில் ஒரு ஆடு குறுக்கே ஓடியது. வண்டி மரத்துண்டுமேல் நிற்கிறது, சக்கரமே இல்லை. ஆனால் அவர் கால் அழுத்திவிட்டது. 'டுப்' என்று ஏதோ என் முழங்கையில் பட்டு விழுந்தது. பின்னாலேயே எண்ணெய் வழிந்தது. நான் எழுந்து போய், எண்ணெய்க் கையோடு கதவருகே நின்றேன். அவர் தம் காலையே அந்நியன் காலைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "ஆடு செத்திருக்கும் ஸ்டெல்லா."

கையால் மிதித்தவர்

எண்ணெய் போனால் குழாய்க்குள் காற்று ஏறிவிடும்; காற்று ஏறினால் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. பிஸ்டனைத் துடைத்து உள்ளே தள்ளி, ஷூவை மாட்டி, டிரம்மையும் மூடிவிட்டேன். வீட்டில் பிரேக் எண்ணெய் ஒரு டப்பா மீதி இருந்தது. இனி ஒருவர் மிதித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் திருகாணியைத் திறந்து காற்றை விட வேண்டும். அவர் மிதிக்கலாம். ஆனால் பாப்பா விழித்துக்கொண்டாள். எண்ணெய் நாற்றத்தோடு நான் தூக்கினால் வீறிட்டாள், காளியம்மா கை நீட்டினால் இன்னும் வீறிட்டாள். அப்பாவின் நல்ல கையில் ஏறித்தான் அடங்கினாள்.

ஆகவே காளியம்மாவை மிதிக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். பூப் போட்டு, சூடம் காட்டி, எலுமிச்சை வைத்த வண்டியாம். தாலி வாங்கப் போகிற வண்டியாம். காலால் தொட்டால் ஆகாதாம். இவர் தினமும் மிதிக்கிறாரே என்றதற்கு, அவர் டிரைவர், அது வேற என்று முடித்துவிட்டார். பிறகு சீட்டுக்குக் கீழே மண்டியிட்டு, இரண்டு கையாலும் பெடலை அமுக்கினார். "அமுக்குங்க", "விடுங்க" என்று நான் பின்னாலிருந்து கத்த, காற்றுக் குமிழ்கள் ஒழிந்து, கடைசியில் வெறும் எண்ணெய் கம்பியாக வந்தது. பெடல் கல்லாக நின்றது. காளியம்மா எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்: "எங்க வூட்டு மாட்டுக்கு ஈத்து பாத்தாக்கூட இத்தினி அமுக்கு கெடையாது, டிரைவரூட்டம்மா."

முதல் இறக்கம்

ஞாயிறு பூசை நேரத்துக்குச் சரியாக, நான் கும்பிட வேண்டியதையெல்லாம் காருக்குள் உட்கார்ந்து கும்பிட்டேன். பாப்பா தூங்கிவிட்டதால் காளியம்மா வீட்டில் விட்டிருந்தேன். அடுத்தவர் வீட்டாரை ஏற்றுமுன் என்னை ஏற்றி ஒரு முறை இறங்கிக் காட்டுங்கள், இல்லாவிட்டால் சாவி என் கழுத்துச் சங்கிலியில் மாதா சுருபத்தோடுதான் இருக்கும் என்று சொல்லியிருந்தேன். சவரி என்னோடு சண்டை போடவில்லை.

மிகச் செங்குத்தான வளைவு வந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. இங்கே நிறுத்துங்கள் என்றேன். அவர் மிதித்தார். வண்டி நின்றது. சத்தமில்லாமல், இடமோ வலமோ இழுக்காமல், பால்குடத்தை இறக்கி வைத்த மாதிரி நின்றது. நான் இறங்கி இரண்டு டிரம்மையும் கையால் தொட்டுப் பார்த்தேன். இடது கொஞ்சம் கூடுதல் சூடு. ஷூ உரசுகிறது என்று அர்த்தம். அங்கேயே படுத்து, ஷூவை நெருக்கித் தளர்த்தும் பல்சக்கரத்தை ஒரு பல் தளர்த்தினேன். எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். அவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பயந்தவங்க செஞ்ச பிரேக்குதான் புடிக்குது."

கவுண்டரின் நெற்றி

திங்கட்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தாலியும் சேலையும் மனிதர்களும் முழுதாகத் திரும்பி வந்தார்கள். மாரி கவுண்டர் மட்டும் நேராக என்னிடம் வந்து, நெற்றியில் புடைத்திருந்த வீக்கத்தைக் காட்டினார். முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வந்தாராம். "யம்மா, நல்லாத்தான் செஞ்சிருக்க. ஆனா இவரு தொட்டா வண்டி நிக்குது, நான் மட்டும் போய்க்கினே இருக்கறேன்."

எல்லாரும் போன பிறகு, சக்கரத்து நட்டெல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று அரிக்கேன் விளக்கோடு போய்ப் பார்த்தேன். வந்து சோறு போட்டேன். மறுபடி போய்ப் பார்த்தேன். மூன்றாம் முறை கிளம்பியபோது சவரி பாயிலிருந்தே, "நட்டு எங்கியும் ஓடிப்போவாது, வா" என்றார். நட்டுகளை வெளியிலும் தாழ்ப்பாளை உள்ளேயும் வைத்தவன் எவனோ, அவன் டிரைவர் பெண்டாட்டியைக் கேட்டு வைக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே, ஒருவழியாகக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாளைப் போட்டேன்.